தோற்கப் பழகிய கை

படிப்பு முடிந்த பிறகு எனக்கு வேலை கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. கிடைத்திருந்தது. கேம்பஸ் இண்டர்வியூவில் ஒரு கம்பெனி என்னை எடுத்திருந்தது. சேரும் தேதியைப் பின்னால் தெரிவிப்பதாக மெயில் வந்தது. சில மாதம் கழித்து அதே செய்தி வேறு வார்த்தைகளில் வந்தது. அதன் பிறகு எதுவும் வரவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவனே நான்தான். இதில் இன்ஜினியரிங் வேறு. அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். யாராவது விசாரித்தால் "கூப்புடுவாங்க, கூப்புடுவாங்க" என்பாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பல் வலிக்கு ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதடோ மாதிரி இருக்குமே, அப்படித்தான் எல்லாமே இருந்தது. காலையில் எழுந்து மெயிலைப் பார்ப்பேன். செங்கல்பட்டில் ரயில் ஏறி பொத்தேரியில் இறங்குவேன். படித்த காலத்தில் தினமும் போய்வந்த இடம் என்பதால் வீட்டில் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பொத்தேரியில் ஹாஸ்டல் பையன்களுக்கான மெஸ்களும் ஜெராக்ஸ் கடைகளும் இருக்கும் சந்தில், ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் பூல் ஹால் இருந்தது, பில்லியர்ட்ஸ் மாதிரி ஸ்டிக்கால் பந்தடித்து ஆடும் இடம். இரண்டு மேசை. அதில் ஒன்று ஜன்னல் பக்கம் சாய்ந்திருக்கும். மெதுவாக அடித்த பந்து யோசித்து யோசித்து ஜன்னலை நோக்கித் திரும்பும். கீழே தாளிக்கிற வாசனை பச்சைத் துணியிலேயே ஏறியிருந்தது. நானும் என் நண்பனும் பகல் நேரத்தில் அங்கேதான் இருப்போம். அவன் எங்கள் பக்கத்துத் தெரு. டிப்ளமோ முடித்துவிட்டு மறைமலைநகரில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் பார்த்தான். ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸிலிருந்து யூனிஃபாரத்தோடு இறங்கி நேராக மாடிக்கு வந்துவிடுவான்.

அவன் சும்மா பொழுதுபோக்குக்கு ஆடினான். நான் அப்படி ஆடவில்லை. எதைத் தொட்டாலும் அதைப் பாடமாக எடுத்துப் படித்துத்தான் எனக்குப் பழக்கம். பூல் ஆட்டத்தில் அடிப்படையே வெள்ளைப் பந்தை ஸ்டிக்கால் நேராகத் தள்ளுவதுதான். அதை ஸ்ட்ரோக் என்பார்கள். ஸ்ட்ரோக் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும். என்னுடையது கோணலாக இருந்தது. நண்பன் சிரித்துக்கொண்டே அதைப் போனில் எடுத்துக் காட்டுவான். அடிக்கிற நொடியில் முழங்கை வெளியே போகும், தலை தூக்கிக்கொள்ளும், விரல்கள் ஸ்டிக்கை நெரிக்கும். சொல்லிக்கொடுக்க அங்கே யாரும் இல்லை. அதனால் போனில் பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

பலரைப் பார்த்து, கடைசியில் ஒருவரைப் பிடித்துக்கொண்டேன். வெளிநாட்டுக்காரர், ஒல்லி, எப்போதும் முழுக்கைக் கறுப்புச் சட்டை. அவர் பேர் எங்களுக்கு வாயில் நுழையாததால் கறுப்புச் சட்டை என்றே சொல்லிவந்தோம். குனிவதற்கு முன் ஒரு கையால் மறு கையின் சட்டை மடிப்பைச் சற்று இழுத்துவிட்டுக்கொள்வார். பிறகு குனிந்து, தாடை ஸ்டிக்கைத் தொடுகிற அளவுக்கு இறங்கி, வெள்ளைப் பந்துக்கு முன்னால் ஸ்டிக்கை மூன்று நான்கு முறை மெல்ல ஆட்டுவார். கடைசியாகப் பின்னுக்கு இழுத்ததும் அப்படியே நிற்பார். ஒரு மூச்சு நேரம். அந்த இடைவெளியில் அவர் கண் வெள்ளைப் பந்திலிருந்து அடிக்க வேண்டிய பந்துக்கு நகரும். பிறகு முன்கை மட்டும் ஊஞ்சல் மாதிரி முன்னால் வரும். தோள் அசையாது, முழங்கை அசையாது. பந்து மேசை ஓரத்துப் பாக்கெட்டில் விழுந்த பிறகும் அவர் நிமிர மாட்டார். விழுந்த சத்தம் காதில் ஏறிய பிறகுதான் எழுந்திருப்பார்.

கல்லூரிக்குப் போன முதல் நாளிலிருந்து நான் இப்படித்தான் எல்லாவற்றையும் கற்றேன். லேபில் எங்கே நிற்பது, கேன்டீனில் ஃபோர்க்கை எந்தக் கையில் பிடிப்பது, வைவாவில் கேள்வி புரியாவிட்டால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பேன். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. பார்த்துச் செய்வதில் ஒரு தொல்லை இருக்கிறது. எது அவசியம், எது அந்த ஆளின் சொந்தப் பழக்கம் என்று பிரிக்கத் தெரியாது. அதனால் மொத்தமாக எடுத்துக்கொள்வேன். பதில் சொல்லுமுன் தொண்டையைச் செருமுகிற ஒருவனைப் பார்த்து நானும் இரண்டு வருடம் செருமியிருக்கிறேன்.

கறுப்புச் சட்டையையும் மொத்தமாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவர் இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்தார். நானும் இடது கையில் பிடித்தேன். எனக்கு வலது கைப் பழக்கம். சோறு தின்பது, எழுதுவது எல்லாம் வலதுதான். ஆனாலும் நன்றாக ஆடுகிறவர் இடதில் ஆடுகிறார், அதில் ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று நம்பினேன். நாள் முழுக்க இடது கையால் அடித்தேன். பந்து எதுவும் விழவில்லை. விழாதது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. போன் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, முழங்கை எங்கே, தாடை எங்கே என்று பார்த்து அப்படியே வைத்தேன். பாடத்தை மனப்பாடம் செய்கிற மாதிரிதான். புரிவது பிறகு.

இரண்டு வாரம் ஆகியிருக்கும். நண்பன் என் தோளுக்குப் பின்னாலிருந்து போனை எட்டிப் பார்த்தான்.

"மச்சான், அந்தாளு பின்னாடி செவுத்துல போர்டு கீதே, அத்த படி."

"எதுக்கு?"

"படிடா. படிச்சவன்தானே நீ."

படித்தேன். படிக்க முடியவில்லை. எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பியிருந்தன. யாரோ டிவியில் வந்த ஆட்டத்தைத் திருடிப் போட்டிருக்கிறார்கள். கண்டுபிடிக்கப்படாமல் இருக்க இடம் வலமாகப் புரட்டிவிட்டிருக்கிறார்கள். கறுப்புச் சட்டை என்னைப் போல வலது கைக்காரர்.

நண்பன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். "இன்ஜினியரு. ரெண்டு வாரமா உல்டாவா நின்னுகினு கீறான். நான்கூட இன்னாடா இவனுக்கு வலது கையில அடிபட்டுச்சான்னு பார்த்தேன்."

"அப்பவே சொல்றதுதானே?"

"நீ மூஞ்ச அவ்ளோ சீரியஸா வச்சிகினா எப்பிடிடா சொல்றது?"

நானும் சிரித்ததாகத்தான் ஞாபகம். ஸ்டிக்கை வலது கைக்கு மாற்றினேன். மாற்றியதும் ஒரு வேடிக்கை நடந்தது. இடதில் பாடம் செய்ததெல்லாம் வலதுக்கு லேசாக வந்தது. முழங்கை நின்றது. தலை தாழ்ந்தே இருந்தது. நண்பன் தினமும் என்னைப் பக்கத்திலிருந்து போனில் எடுப்பான். அதையும் கறுப்புச் சட்டையையும் அருகருகே வைத்து ஒப்பிடுவேன். மழைக்காலம் முடிந்தபோது நான் அடித்தால் ஹாலில் அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"எல்லாம் சரி மச்சான்," என்றான் நண்பன் ஒருநாள். "நீ போட்டுகினு கீறது அரைக்கை டீ-ஷர்ட்டு. குனியறதுக்கு முன்னாடி இன்னாத்த இழுக்கற?"

பார்த்தேன். வெறும் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, இல்லாத சட்டை மடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். விட்டுவிடலாம் என்று பார்த்தேன். விட்டால் பந்து தவறியது. அதனால் இழுத்துக்கொண்டே இருந்தேன்.

பின்னுக்கு இழுத்து நிற்கும் அந்த ஒரு மூச்சு நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க எதுவும் உறைக்காமல் இருந்த எனக்கு அந்த நேரத்தில் மட்டும் கைவிரலில் மரத்தின் எடை தெரியும். துணியின் நூல் தெரியும். அதுவரை என்னிடம் இருந்த எல்லாமே யாராவது தர வேண்டியவையாக இருந்தன. மார்க், சான்றிதழ், சேரும் தேதி, எல்லாம். இதை யாரும் தரவில்லை. என்னிடம் வேறு ஒன்றும் இல்லாவிட்டாலும் இது இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்தபோதுகூடப் பெரிய சந்தோஷம் எதுவும் வந்துவிடவில்லை. இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஹாலுக்கு வந்துபோன ஒருவர் மூலம்தான் ரிசார்ட் வேலை வந்தது. திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், ஈ.சி.ஆரிலிருந்து கடல் பக்கம் இறங்கும் சவுக்குத் தோப்புக்குள் அந்த ரிசார்ட். அங்கே விருந்தினர்கள் விளையாட ஓர் அறை. கேரம், டேபிள் டென்னிஸ், ஒரு பூல் மேசை. அறையைப் பார்த்துக்கொள்ளவும், தனியாக வருகிறவர்களோடு ஆடவும் ஆள் தேவை. அங்கே சூப்பர்வைசராக இருந்தவர் திருவிடந்தைக்காரர். அவருடைய அண்ணன் தம்பிகள் இன்னும் கடலுக்குப் போகிறார்கள். என்னை ஒரு ரேக், அதாவது முக்கோணத்தில் அடுக்கிய ஒரு செட் பந்து, ஆடிக் காட்டச் சொன்னார். நான் கறுப்புச் சட்டையாக நின்று வரிசையாக எல்லாப் பந்தையும் இறக்கினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"நல்லா ஆடற தம்பி. ஆனா இங்க கெஸ்ட்டுதான் ஜெயிக்கணும்."

"சரி சார்."

"எப்பவாச்சும் ஒன்னு நீ ஜெயிச்சிக்க. இல்லன்னா அவங்களுக்கே போரடிக்கும்."

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் கூட்டித் துடைக்கும் வேலை பார்க்கிறாள். வந்த களைப்போடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னா வேலடா?"

"வெளாடறது."

"வெளாடறதா? ஜெயிச்சா சம்பளம் தருவாங்களா?"

"தோத்தாத்தான் தருவாங்க."

அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்ப சுலபந்தான்," என்றாள். "அந்தக் கம்பெனிக்காரன் கூப்புடற வரைக்கும் போ."

சுலபமாக இல்லை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து இறங்குவேன். கல்யாணம் கூடிவர வேண்டிக்கொண்டு திருவிடந்தைக் கோயிலுக்குப் போகிறவர்கள் அந்த பஸ்ஸில் நிறைய இருப்பார்கள். பூ வாசனையோடு பயணம். அறையைத் திறந்தால் உப்புக்காற்றில் மேசைத் துணி ஈரம் கோத்திருக்கும். பந்து சேற்றில் உருளுகிற மாதிரி உருளும். பிரஷ் போட்டு, ஏ.சி.யை ஓடவிட்டு, விருந்தினர் எழுந்து நாஷ்டா முடித்து வருவதற்குள் துணியைக் காய வைக்க வேண்டும். அதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. தோற்பதில்தான் சிக்கல்.

முதல் வாரம் நான் நல்ல ஸ்ட்ரோக்கோடு குனிந்து, பந்தை வேண்டுமென்றே பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அடித்தேன். சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர், நாற்பது வயதுக்காரர், ஏதோ பெரிய அலுவலகத்தில் மேலதிகாரி என்று பார்த்தாலே தெரியும். இரண்டு ஆட்டம் ஜெயித்த பிறகு ஸ்டிக்கை மேசைமேல் வைத்தார்.

"நீங்க வேணும்னே விடறீங்க இல்ல?"

"இல்ல சார்."

"தம்பி, நீங்க நிக்கிற ஸ்டைலைப் பார்த்தாலே தெரியுது. இவ்ளோ அழகா நின்னு அவ்ளோ ஈஸியான பாலை யாராவது மிஸ் பண்ணுவாங்களா? என் வொய்ஃப் முன்னாடி என்னைக் கேனையனாக்கறீங்க."

ரிசப்ஷனிலும் சொல்லிவிட்டுப் போனார். சூப்பர்வைசர் என்னைச் சவுக்கு மரத்தடிக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை. சலிப்பாகத்தான் பேசினார்.

"தோக்கச் சொன்னேன், தோக்கற. ஆனா தோக்கறது தெரியுதே தம்பி."

"இன்னா சார் பண்ணட்டும்?"

"நெஜமாத் தோக்கறவன் எப்பிடித் தோப்பானோ அப்பிடித் தோத்துப் போ. அடுத்த தபா கம்ப்ளைண்ட் வந்தா எனக்கும் சேத்துப் பேஜாரு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நல்ல ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டு பொய்யாகத் தவறவிட்டால் பார்ப்பவனுக்குத் தெரிந்துவிடும். தவறுகிற ஸ்ட்ரோக்கே வேண்டும். அது எனக்கு எங்கே கிடைக்கும் என்று யோசித்தேன். ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நண்பனுக்கு போன் செய்தேன்.

"ஆரம்பத்துல என்னை எடுத்தியே, அந்தப் பழைய வீடியோல்லாம் வச்சிருக்கியா?"

"கீது. அதெல்லாம் எதுக்கு மச்சான்? பாத்தா சிரிப்பு சிரிப்பா வரும்."

"அனுப்பு."

அனுப்பினான். பழைய என்னை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கறுப்புச் சட்டையைப் பார்த்த அதே அக்கறையோடுதான் பார்த்தேன். முழங்கை எந்த இடத்தில் வெளியே போகிறது, தலை எப்போது தூக்குகிறது, விரல் எந்த நொடியில் நெரிக்கிறது. பின்னால் நிற்கிற இடைவெளி அந்தப் பழையவனிடம் இல்லை. இழுத்ததும் அவசரமாகக் குத்திவிடுவான். காலையில் துணி காய்கிற நேரத்தில் அவனைப் பழகினேன். சீக்கிரமே வந்தது. முதலில் கற்றதைவிடச் சீக்கிரம்.

அதன் பிறகு புகார் இல்லை. விருந்தினர்கள் சந்தோஷமாக ஜெயித்தார்கள். சிலர் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பையன், என்னைவிடச் சின்னவன், "ப்ரோ, அடிக்கும்போது தலையைத் தூக்கறீங்க. அதான் பிராப்ளம்," என்று என் பிடரியில் கை வைத்து அழுத்திக் காட்டினான். தேங்க்ஸ் ப்ரோ என்றேன். அவனுடைய பெண்தோழி கைதட்டினாள். எனக்கு அவமானமாகவும் இல்லை, சிரிப்பாகவும் இல்லை. மத்தியானம் கேன்டீனில் சாம்பார் சாதம் சாப்பிட்டேன்.

ஏப்ரலில் நண்பன் ஒரு செய்தியோடு வந்தான். செங்கல்பட்டில் ஒரு கிளப்பில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஜெயிக்கிறவர்கள் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

"உன் பேரு குடுத்துட்டேன்," என்றான்.

"கேக்காமலா?"

"கேட்டா நீ மெயில் பாத்து சொல்றேம்ப. இத்த வுட்டா உனுக்கு வேற இன்னா மச்சான் கீது?"

திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். எனக்கும் தெரியும். அந்தப் போட்டியில் ஆடினால், ஜெயிக்காவிட்டாலும்கூட, என் ஸ்ட்ரோக்கைப் பத்துப் பேர் பார்ப்பார்கள். பார்த்தவர்கள் இவன் ஆடத் தெரிந்தவன் என்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ரிசார்ட்டில் லீவு கேட்டேன். சூப்பர்வைசர், "அங்க போய்த் தோத்துடாத," என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கிளப்பில் நான்கு மேசை, நல்ல துணி, வெளிச்சம் கண்ணை உறுத்தாமல் மேசைமேல் மட்டும் விழும். நண்பன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். யூனிஃபாரம் இல்லாமல் அவனைப் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தது. எனக்கு எதிராக வந்தவர் மதுராந்தகத்தில் மருந்து கம்பெனி ரெப். தொப்பை, நெற்றியில் விபூதி. சாதாரணமாக ஆடினார். பொத்தேரியில் என்றால் நான் பேசிக்கொண்டே ஜெயித்திருப்பேன்.

என் முதல் பந்து நேர்ப் பந்து. இல்லாத சட்டை மடிப்பை இழுத்துவிட்டேன். குனிந்தேன். மெல்ல ஆட்டினேன். பின்னால் இழுத்து நின்றேன். கண்ணை நகர்த்தினேன். அதுவரை எல்லாம் கறுப்புச் சட்டைதான். முன்னால் வரும்போது முழங்கை வெளியே போயிற்று. தலை தூக்கிக்கொண்டது. பந்து பாக்கெட்டின் விளிம்பில் பட்டுத் திரும்பியது.

அவர் இரண்டு பந்து போட்டார். மறுபடி நான். விரலைத் தளர்த்திப் பிடித்தேன், கவனமாக. கடைசி நொடியில் விரல் நெரித்தது. நான் நெரிக்கவில்லை, அது நெரித்தது. அடுத்த முறை முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். அப்போது தோள் போயிற்று. எதைப் பிடித்து நிறுத்தினாலும் இன்னொன்று அவிழ்ந்தது. ஒரு கட்டத்தில் அவரே பரிதாபப்பட்டு, "டென்ஷன் ஆகாதீங்க தம்பி," என்றார். நான் டென்ஷனாகவே இல்லை. கை சில்லிடவில்லை, நெஞ்சு அடிக்கவில்லை. தினமும் காலையில் துணி காய்கிற நேரத்தில் பழகியதை, என்னைக் கேட்காமலேயே என் கை செய்துகொண்டிருந்தது.

தோற்றேன். கைகொடுத்தேன். வெளியே வந்து எதிரில் இருந்த கடையில் நின்றோம். நண்பன் இரண்டு டீ சொன்னான்.

"இன்னா மச்சான். அந்தாளயும் கெஸ்ட்டுனு நெனச்சிகினியா?"

"இல்ல."

"பின்ன? வேணும்னே வுட்டியா?"

"ஜெயிக்கத்தான் ஆடினேன்."

அவன் டீயை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தான். கிண்டல் செய்ய ஏதோ எடுத்தவன் அதை வைத்துவிட்டான். "பழைய வீடியோவ நான் அனுப்பியிருக்கக் கூடாது," என்றான்.

"நீ அனுப்பலன்னாலும் வந்திருக்கும். என்னோடதுதானே அது."

"சரி, ஒரு மாசம் லீவப் போட்டு மறுபடி பழகு."

"லீவு போட்டா வேலை போயிடும்."

"வேலைக்குப் போனா கை போயிடும்."

"ஆமா."

கிளாஸைக் கொடுத்துவிட்டு அவன் பைக்கில் என்னை ஏரிக்கரை வழியாக வீட்டில் விட்டான். ஏரியில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. வீட்டில் அம்மா, "இன்னாச்சு?" என்றாள். தோற்றுவிட்டேன் என்றேன். "சம்பளம் உண்டா?" என்றாள். வேடிக்கைக்குத்தான் கேட்டாள். நான் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் படுத்தேன். மத்தியானம் முழுக்கத் தூங்கினேன்.

மறுநாள் வழக்கம் போல முதல் பஸ். அறையைத் திறந்தேன், பிரஷ் போட்டேன், ஏ.சி.யை ஓடவிட்டேன். பழகுவதற்கு இனி ஒன்றும் இல்லை. இருந்தாலும் துணி காய்கிற வரை சும்மா உட்கார முடியாமல் ஸ்டிக்கை எடுத்தேன். ஒரு சிவப்புப் பந்தை நடுவில் வைத்து வெள்ளையைப் பின்னால் வைத்தேன். குனிந்தேன். முழங்கை போயிற்று. மறுபடி வைத்தேன். மறுபடி போயிற்று. ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. வெயில் ஏறாததால் சாம்பல் நிறமாக இருந்தது.

வெள்ளைப் பந்து ஒருமுறை மேசையின் தூர ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதை வலது கையால் அடிக்கச் சுற்றிப்போக வேண்டும். சோம்பலாக இருந்தது. அதனால் நின்ற இடத்திலிருந்தே ஸ்டிக்கை இடது கைக்கு மாற்றினேன்.

குனிந்ததும் தாடை தானாக இறங்கியது. முழங்கை மேலே போய் நின்றது, ஆணியடித்த மாதிரி. பொத்தேரியில் திரும்பின எழுத்துப் போர்டைப் பார்த்து நின்ற அந்த இரண்டு வாரம் அங்கே அப்படியே இருந்தது. இந்தக் கையைத் தோற்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. பின்னால் இழுத்து நின்றேன். கண்ணை நகர்த்தினேன். அடித்தேன்.

பந்து விழவில்லை. பலம் போதாமல் பாக்கெட்டின் வாயில் போய் நின்றுவிட்டது. ஆனால் கோடு போட்ட மாதிரி நேராகப் போயிருந்தது. நான் நிமிராமல் குனிந்தே இருந்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. விரலில் மரத்தின் எடை தெரிந்தது. வெகுநாளாகத் தெரியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

போனை எடுத்து நண்பனுக்கு அனுப்பினேன்: கறுப்புச் சட்டையோட உல்டா வீடியோ இருந்தா அனுப்பு.

அவன் ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸிலிருந்து குரல் பதிவாகப் பதில் போட்டான். பின்னால் ஹாரன் சத்தம். "டேய், மறுபடியும் மொதல்லேர்ந்தா? இந்த தபா மூணு மாசம் கழிச்சுதான் சொல்வேன், உல்டாவா நிக்கிறேன்னு." பின்குறிப்பு மாதிரி இன்னொன்று: "அனுப்பறேன் இரு. தேடிகினு கீறேன்."

சிவப்புப் பந்தை மறுபடி நடுவில் வைத்தேன். இடதில் நாலைந்து அடித்திருப்பேன், ஒன்று விழுந்தது. விழுந்த சத்தம் காதில் ஏறுகிற வரை குனிந்திருந்தேன். அதற்குள் கதவு திறந்தது. பனியனும் அரை டிராயருமாக ஒருவர், கையில் காபி கப், பின்னால் கொட்டாவி விட்டபடி அவருடைய மச்சினன்.

"தம்பி, ஒரு கேம் போடலாமா? நான் சுமாராத்தான் ஆடுவேன்."

"நானும் சுமார்தான் சார். வாங்க," என்றேன். பந்துகளை முக்கோணத்தில் அடுக்கினேன். ஸ்டிக்கை வலது கைக்கு மாற்றிக்கொண்டேன்.